காது கேளாத தம்பிக்கு

பிவண்டி
18.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி துரைக்கண்ணு வணக்கத்தோடு எழுதுவது. நானும் மகன் சுதாகரும் மருமகளும் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இளவரசனும் சுபத்ராவும் சுகமா?

என் காது அப்படியேதான் இருக்கிறது. பவர்லூம் சத்தத்தில் போனது திரும்பியா வரப்போகிறது? சுதாகர் வாங்கித் தந்த மிஷினைக் காதில் வைத்தால் மறுபடியும் தறி ஷெட்டுக்குள் போய் நிற்பதுபோல் இரைகிறது. கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன்.

இங்கே பார்க்கில் ஒரு சிரிப்பு கிளப் இருக்கிறது. காலையில் வயசானவர்கள் வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரிப்பார்கள். எனக்குச் சத்தம் கிடையாது, வாய்கள் திறந்து மூடுவது மட்டும் தெரியும். நானும் திறந்து மூடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர், "சந்தோஷம் என்றால் என்ன?" என்று பலகையில் எழுதிப் போட்டார். அடுத்த மாதம் ஆளாளுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். என் பக்கத்தில் நிற்கும் ரிடையர்டு வாத்தியார் 'ஆசை இல்லாமல் இருப்பது' என்று அன்றைக்கே எழுதிவிட்டார். அதை எல்லோருக்கும் காட்டி நல்ல பேர் வாங்க அவருக்கு எத்தனை ஆசை!

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். நாம் சந்தோஷமாக இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள். அதையே என் பதில் என்று சொல்லிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
தம்பி,
துரைக்கண்ணு


ஆரணி
1.9.2024

தம்பி துரைக்கண்ணுவுக்கு, அண்ணன் தருமன் வாயால் சொல்ல மருமகள் சுபத்ரா கையால் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். மூட்டு மழை வந்தால் முனகுகிறது. மற்ற நாளில் பேசாமல் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கேள்வியை இங்கே எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். இளவரசன் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். "களம்பூர்ல நெல்லு மூட்டைய எறக்கிட்டுக் காலி வண்டியா வராம ரிட்டர்ன் லோடு கெடைச்சா அதாம்பா சந்தோஷம்" என்றான். டீக்கடை சக்கரவர்த்தி, "காலங்காத்தால பேஜார் பண்ணாத பெரியவரே, டீ வேணுமா வேணாமா?" என்றான். சுபத்ராவைக் கேட்டால், "நான் எழுதறவ மாமா. என்னைக் கேக்காதீங்க, நீங்க சொல்லுங்க" என்கிறாள். அவளுக்கு வேலை அதிகம். பட்டுச் சேலைகளை போனில் காட்டிப் பேசியே விற்கிறாள். நாள் முழுக்கப் பேசிய வாயோடு எனக்கும் உட்கார்ந்து எழுதித் தருகிறாள்.

என் பதில் இது. தை மாதம், வெள்ளிக்கிழமை. களம்பூர் ரைஸ்மில்லில் அம்மா களத்து வேலை செய்தாள். அவித்த நெல்லை ஆவியோடு கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். பனி விலகவில்லை. நாம் இரண்டு பேரும் நெல் அம்பாரத்தின் ஓரத்தில் சாக்கை விரித்து, இன்னொரு சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டோம். முதுகுக்குக் கீழே சூடு. உனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என் கால்மேல் காலைப் போட்டுக்கொண்டு, "ண்ணா, இது ஆறவே ஆறாதா?" என்று கேட்டாய். "ஆறாதுடா" என்றேன்.

அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது வேறு. அதை விடு.

சுதாகருக்கும் அவன் வீட்டாருக்கும் என் ஆசீர்வாதம்.
தருமன்


பிவண்டி
22.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு, உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து உடம்பு தெம்பாக இருக்கிறது. அங்கே எல்லோரும் சுகம் என்று படித்து நிம்மதி.

நெல் அம்பாரத்தைச் சுதாகர் இந்தியில் எழுதிக் கொடுத்தான். கிளப்பில் மாஸ்டர் அதைப் படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள், உள்ளங்கைகள் சேர்ந்து பிரிவதைப் பார்த்தேன். வாத்தியார் மட்டும் தட்டவில்லை. அது சந்தோஷம் இல்லை, சுகம், உடம்பு அறிவது என்று சீட்டில் எழுதிக் காட்டினார். "ஆறாது" என்று அண்ணன் சொன்னது எந்த உடம்புக்கு என்று திருப்பி எழுதிக் கேட்டேன். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணா, எனக்கு அந்தச் சூடு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் என்ன நடந்தது? எனக்கு ஞாபகமே இல்லை.

சுதாகரை கம்பெனியில் மஸ்கட்டுக்கு அனுப்புகிறார்கள். குடும்பத்தோடு போகிறான். தை மாதத்துக்குள் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். எனக்கு அதில் ஒன்றும் கவலை இல்லை. சமையலறையை ஒட்டின பின்னறை ஒன்று உங்கள் வீட்டில் இருந்ததே, மழைக்கு இப்போதும் ஒழுகுகிறதா? சும்மா கேட்டேன்.

எல்லோருக்கும் என் அன்பு.
துரைக்கண்ணு


ஆரணி
13.10.2024

தம்பிக்கு அண்ணன் சொல்வது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. நீ தனியாக ரோடு தாண்டாதே. பின்னால் வரும் வண்டி உனக்குக் கேட்காது.

சாயங்காலத்தைக் கேட்டாய். நீ தூங்கிவிட்டாய். அப்பா வந்தார். நீலச் சட்டை, மேல் பட்டன் இல்லை. "டேய், எழுந்திரு, ஆரணி போறோம்" என்றார். "தம்பி?" என்றேன். "அவன் தூங்கட்டும், எழுப்பினா அழுவான்" என்றார். பஸ்ஸில் உட்கார்த்தி இங்கே கூட்டிவந்து சாயப் பட்டறையில் விட்டுவிட்டுப் போனார். அன்றையிலிருந்து எனக்கு ஆரணி. நீ பள்ளிக்கூடத்துக்குப் போனாய், பிறகு பிவண்டிக்குப் போனாய். கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் பார்த்துக்கொண்டோம்.

உனக்கு மறந்துவிட்டது, அதனால் அந்த நாள் உனக்கு முழுசாகச் சந்தோஷம். எனக்கு ஒரு நாளை நினைத்தால் அதன் சாயங்காலமும் கூடவே வந்துவிடுகிறது. அப்படி இருக்கிறவன் எந்த நாளைச் சந்தோஷம் என்று சொல்ல முடியும்? ஆனாலும் அந்தச் சூடு பொய் இல்லை. எனக்கு இதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. உன் வாத்தியாரைக் கேள்.

பின்னறை ஒழுகவில்லை. இளவரசன் ஓடுகளை மாற்றிவிட்டான். உள்ளே சுபத்ராவின் சேலைப் பெட்டிகள் கூரைவரை இருக்கின்றன.

(மாமா இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தார்கள். நான் காத்திருந்தேன். – சுபத்ரா)

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. சுதாகர் நல்லபடியாகப் போய் வரட்டும்.
தருமன்


பிவண்டி
8.12.2024

அண்ணனுக்கு வணக்கம். நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பதில் போடத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும்.

கிளப்புக்கு இப்போது போவதில்லை. சத்தம் இல்லாத இடத்தில் வாயைத் திறந்து சிரிப்பது ஒருநாள் திடீரென்று பயமாக இருந்தது.

சுதாகர் வசாய்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறான். சுத்தமான இடம், வேளைக்குச் சாப்பாடு, டாக்டர். "அங்கே நீ சந்தோஷமாக இருப்பாய்தானே அப்பா?" என்று போனில் எழுதிக் காட்டினான். தலையை ஆட்டினேன். அவன் முகம் தெளிந்தது. என் சந்தோஷத்தைக் கேட்டது அவன் நிம்மதிக்காகத்தான். அதைத் தப்பு என்று சொல்லவில்லை. பிள்ளை நிம்மதியாகப் போய்ச் சேர வேண்டாமா? என் வீட்டுக்காரி சுபலட்சுமி உயிரோடு இருந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எனக்கு அதனால் என்ன, எந்த மொழியும் கேட்கப் போவதில்லை.

பொங்கல் கழித்துச் சேர்த்துக்கொள்வார்கள். புது விலாசம் அனுப்புகிறேன்.
துரைக்கண்ணு


ஆரணி
17.12.2024

டேய் தம்பி, அண்ணன்தான் பேசுகிறேன். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. எல்லோரும் சௌக்கியம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயக்குமார் எழுதுகிறான். "ஜல்தி சொல்லுங்க பெரியவரே, கஸ்டமர் நிக்கறாங்க" என்கிறான். நிற்கட்டும்.

பின்னறையை நீ எதற்குக் கேட்டாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. சுபத்ரா அந்த வரியைப் படித்த அன்றைக்கே புரிந்தது. அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன், அவள் படித்தாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அறை அவள் தொழில். அந்தப் பெட்டிகளை வைத்துத்தான் வீட்டில் பாதிச் செலவு நடக்கிறது. நான் "வாடா" என்று சொன்னால் அதை எழுத வேண்டியது அவள் கை. மாமனார் சொல்லிக்கொண்டிருக்கும்போது பேனாவைக் கீழே வைத்து, "முடியாது மாமா" என்று எந்த மருமகள் சொல்லுவாள்? அப்படிக் கூப்பிடுவது அவள் கழுத்தைப் பிடித்து எழுத வைப்பதுபோல. உன் அண்ணி பச்சையம்மாள் உயிரோடு இருந்தால் அடுப்படியில் வைத்துக் கேட்டிருப்பாள். நான் ஆம்பளை, எப்படிக் கேட்பது?

போன மாதம் கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டேன். "சொல்லுங்க மாமா" என்று வந்து நின்றாள். "குடிக்கத் தண்ணி குடும்மா" என்றேன்.

நீ உடனே அந்த இடத்தில் போய்ச் சேர்ந்துவிடாதே. கொஞ்சம் பொறு. எப்படியாவது ஒருநாள் கேட்டுவிடுகிறேன். இதற்குப் பதில் வீட்டுக்குப் போடாதே, அவள்தான் படிப்பாள்.
அண்ணன்


ஆரணி
18.12.2024

மதிப்பிற்குரிய சின்ன மாமாவுக்கு, மருமகள் சுபத்ரா வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே மாமாவும் அவரும் நலம். இது மாமா சொல்லி எழுதும் கடிதம் இல்லை. நானாகவே எழுதுகிறேன். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னறை ஒழுகுகிறதா என்று நீங்கள் கேட்ட அன்றே எனக்குப் புரிந்தது. 'நீ வந்துவிடு என்று எழுதும்மா' என்று மாமா சொல்வார்கள் என்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. வெளியே போய்விட்டு வந்தார்கள். அப்போதும் சொல்லவில்லை.

நானே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மாமா வாயிலிருந்து வராமல் நான் முந்திக்கொண்டால், இது என் வீடு, அவர்கள் ஒண்டியிருக்கிறார்கள் என்று ஆகிவிடாதா? பெரியவர்கள் அழைக்க வேண்டிய அழைப்பை மருமகள் அழைத்தால் அவர்களுக்கு என்ன மரியாதை? அதனால் காத்திருந்தேன். ஒருநாள் கூப்பிட்டார்கள். இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள் என்று ஓடினேன். தண்ணீர் கேட்டார்கள். மாமாவுக்கு விருப்பம் இல்லையோ என்றுகூட நினைத்துவிட்டேன்.

முதியோர் இல்லம் என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டிய அன்று மாமா சாப்பிடவில்லை. "பசிக்கலம்மா" என்றார்கள். ராத்திரி இவரிடம் சொன்னேன். "ஏண்டி, இத்தினி நாளா ரெண்டு பேரும் இதையா மென்னுகினு இருந்தீங்க?" என்று என்னைத் திட்டினார். பெட்டிகளைக் கூடத்துக்கு மாற்றிவிடலாம். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் வருவதாகவே எழுதிவிட்டால் அவர்களுக்குச் சங்கடம் இருக்காது.

வாருங்கள் மாமா.
சுபத்ரா


பிவண்டி
29.12.2024

அன்புள்ள அண்ணனுக்கும், சுபத்ராவுக்கும், இளவரசனுக்கும், நலம் விரும்பும் துரைக்கண்ணு எழுதுவது.

தபால்காரர் இரண்டு கடிதங்களை ஒன்றாகக் கொடுத்தார். இரண்டும் ஆரணி. ஒன்றைப் படித்து முடித்து அடுத்ததைப் படித்தபோது சிரித்துவிட்டேன். கிளப்பில் சிரித்த மாதிரி இல்லை. எனக்கே என் சத்தம் நெஞ்சில் தெரிந்தது. என்ன ஆயிற்றோ என்று சுதாகர் ஓடிவந்தான். எந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்ததும் புறப்படுகிறேன். இளவரசன் அரக்கோணம் ஸ்டேஷனுக்கு வந்தால் போதும். சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டாம், வந்து கையைப் பிடித்தால் சரி.

நேரில் பேசுவோம் என்று எழுத வந்தது. எழுதியபிறகு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
துரைக்கண்ணு


பின்னறை
2.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு, ஒரே வீட்டிலிருந்து தம்பி எழுதுவது. ஸ்டாம்பு இல்லை. நான் நலம். நீங்கள் நலமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சுபத்ரா ஓய்வாக இருக்கும்போது படித்துக் காட்டட்டும்.

வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சாப்பாட்டுக்கும் மரியாதைக்கும் குறைவில்லை. சுபத்ரா கூடத்தில் நின்று போனில் சேலை காட்டும்போது நாம் இருவரும் பின்னால் தெரிகிறோம் என்று நாற்காலிகளைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். அன்றைக்கு ஒரு அம்மா, "சேலைக்கு அந்தத் தாத்தா ஃப்ரீயா?" என்று கேட்டதாக இளவரசன் எழுதிக் காட்டினான்.

ஆனால் அண்ணா, நீங்கள் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். நான் வாயைப் பார்க்கிறேன். தலையை ஆட்டுகிறேன். முந்தாநாள் நீங்கள் ஏதோ சொன்னீர்கள், வேடிக்கையாக இருக்கும் என்று சிரித்தேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். சாயங்காலம்வரை இந்தப் பக்கம் பார்க்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று யாரைக் கேட்பேன்?

பிவண்டியில் உங்கள் கடிதம் வந்தால் மறுபடி மறுபடி படிப்பேன். உங்கள் மூட்டு, டீக்கடை, மழை எல்லாம் எனக்குத் தெரியும். இங்கே நீங்கள் நாலடி தள்ளி இருக்கிறீர்கள், உங்களைப் பற்றி ஒரு சேதியும் எனக்கு வருவதில்லை.

நான் வந்ததில் உங்களுக்குச் சந்தோஷமா? மறைக்காமல் சொல்லுங்கள். இல்லத்தில் இன்னும் இடம் இருப்பதாகச் சுதாகர் எழுதியிருக்கிறான். நான் அங்கே இருந்தால் கடிதமாவது வரும்.
துரைக்கண்ணு


கூடம்
9.3.2025

தம்பி துரைக்கண்ணுவுக்கு, அண்ணன் சொல்ல சுபத்ரா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம்தான், எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். என்ன சொல்கிறேன் என்று உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சுபத்ராவுக்கு கூரியர் இல்லை, அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

நாம் பேசுவதற்கு இளவரசன் போனில் ஏதோ போட்டுக் கொடுத்தானே, நான் பேசினால் எழுத்தாக வரும் என்று. பல் இல்லாத என் வாய்ப்பேச்சு என்ன மொழி என்றே அதற்குப் பிடிபடவில்லை. நீ என் கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தாய். கொதிக்கும் சாயத் தண்ணீரில் கிடந்த விரல்கள், தெரிந்த நாலு எழுத்துக்கும் மடங்கவில்லை. ஆகவே இப்படித்தான்.

நீ சிரித்தாயே, அப்போது நான் சொன்னது பச்சையம்மாள் செத்த அன்றைக்கு நடந்தது. கடைசியில் அவள் ஏதோ கேட்டாள், நான் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தேன், உள்ளே வந்தபோது கேட்டு முடித்துவிட்டாள். என்ன கேட்டாள் என்று இன்றைக்குவரை தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடிதத்திலும் சொன்னதில்லை, எழுதுகிறவள் அழுவாள். உன்னிடம் வாய்விட்டுச் சொன்னேன், உனக்குக் கேட்காது என்ற தைரியத்தில். நீ சிரித்தாய். கோபம் வந்தது. கேட்காது என்று தெரிந்துதானே சொன்னேன், பிறகு என்ன கோபம்?

(எழுதிவிட்டேன். – சுபத்ரா)

சந்தோஷமா என்று கேட்டாய். நீ வந்தும் எனக்குத் தனிமை போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். பேசப் பேச எதுவும் உன்னிடம் வந்து சேராமல் கீழே விழுகிறது. அஞ்சலில் போட்டபோது வந்து சேர்ந்தது. ஆனால் விடிந்ததும் பின்னறையில் நீ இருமுகிறாயா என்று காது கொடுத்துப் படுத்திருக்கிறேன். இருமினால்தான் எழுந்து உட்காருகிறேன். இதற்கு என்ன பேர் வைப்பது என்று உன் கிளப்பில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது.

போகாதே. இதையும் சுபத்ராதான் எழுதுகிறாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இன்னும் பெருசா எழுதட்டுமா மாமா?" என்று கேட்கிறாள்.

இனி ஞாயிற்றுக்கிழமை தோறும் உனக்கு ஒரு கடிதம் உண்டு. நீயும் எழுது. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்துச் சொல்கிறேன்.

தாள் முடிகிறது. இதை மடித்து நானே உன் கையில் கொடுக்கப் போகிறேன். இத்தனை வருஷம் உனக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். நீ படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மெதுவாகப் படி.

அண்ணன்,
தருமன்